பள்ளம் இல்லாத மைதானம்

உதைபந்தாட்டத்துக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் நம் கால்களை மட்டுமல்ல, அவை எந்த மண்ணில் ஓடிப் பழகின என்பதையும் பார்த்துவிடுகிறார்கள் என்பது, என்னைப் போல் போய்த் திரும்பிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கொழும்புக் கல்லூரி ஒன்றின் அணியில் ஓரிடம். கிடைத்தால் விடுதியில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பாவோடு இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

மாலை

தெரிவுக்காகக் கேகாலைக்கு வரச் சொல்லியிருப்பதாக எங்கள் பாடசாலை விளையாட்டு சேர் போனில் சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேரிடமும் மகன் கொழும்புக் காலேஜுக்குப் போகிறான் என்று சொல்லிவிட்டார்.

புறப்படும் நாளில் கோயிலில் பூசை. ஒலிபெருக்கியில் என் பேர். தோட்டத் தலைவர் மாலையோடு நின்றார். இன்னும் எடுக்கவில்லை, விளையாடிக் காட்டத்தான் போகிறேன் என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டினார்.

“அதெல்லாம் சும்மா பேருக்கு வைக்கிறது தம்பி. நீ மாலைய கழட்டாம போ.”

சவர்க்காரம்

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு இறப்பர் காட்டுக் குறுக்குவழியில்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும். அதனால் எல்லாரையும் போல நானும் முழங்கால் வரைக்கும் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டு, அதன் மேலேயே காலுறையை இழுத்துவிட்டிருந்தேன். அட்டை ஒன்றுகூட ஏறவில்லை.

கேகாலை மைதானத்தில் ஆட்டம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் ஓட ஓடக் காலுறைக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கியது. துடைத்தால் இன்னும் பொங்கியது. சுற்றி நின்ற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் அணிக்காரன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் வந்து, குளிக்கவா வந்தாய் என்று சிங்களத்தில் அக்கறையாக விசாரித்தான்.

“மச்சாங், நான்னத ஆவே?”

போகிற பந்து

எங்கள் தோட்டத்து மைதானத்துக்கு மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் விழுந்த பந்து தேயிலைக்குள் உருண்டு ஆற்றோரம்தான் நிற்கும். எடுத்து வருவதற்குள் ஆட்டத்தின் சுவையே போய்விடும். ஆகவே பந்து அந்தப் பக்கம் போனால் எங்கள் அணி, உங்கள் அணி என்று பார்க்காமல் அத்தனை பேரும் விழுந்தடித்து ஓடி மறிப்போம். மறிக்காமல் நின்றவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும்.

கேகாலையில் எதிரணிக்காரன் உதைத்த பந்து எங்கள் கோல் கம்பத்தை விட்டு விலகி வெளியே போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் பந்து எங்களுக்கு. நான் உயிரைக் கொடுத்து ஓடி, சறுக்கி விழுந்து, கோட்டின் மேலேயே அதை நிறுத்தினேன். பின்னால் ஓடி வந்த எதிரணிக்காரன் என் காலடியிலிருந்த பந்தைச் சும்மா தட்டி கோல் போட்டான்.

கொழும்புக் கல்லூரியின் பயிற்றுநர் யாழ்ப்பாணத்து மனிதர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் மறித்தாய் என்று கேட்டார். “பள்ளத்துல விழுந்துடுமுங்க சேர்” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் அந்தத் தட்டையான மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இஞ்ச எங்க தம்பி பள்ளம் கிடக்கு?”

இன்னொரு மாலை

வாசித்த பேர்களில் என் பேர் இல்லை. நான் பஸ்ஸில் வரும்போது அப்பா தோட்டத்திலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. சந்தோஷக் கூத்தில் போன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.

இறங்கினால் ரோட்டோரத்தில் பாதித் தோட்டம் நிற்கிறது. வாயைத் திறப்பதற்குள் தலைவர் புது மாலையைப் போட்டுவிட்டார். மாலையோடு நின்றுதான், என்னை எடுக்கவில்லை என்று சொன்னேன். “இத மாலை போடுறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா தம்பி?” என்றார் தலைவர். நியாயமான கேள்விதான். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அப்பா மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நுரைக்கும் கோலுக்கும் கூசாத அளவுக்கு, அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னதற்குத்தான் எனக்கு உடம்பு கூசிப்போனது.

“நான்தான்யா அவசரப்பட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை

வெட்கம் கொஞ்சம் ஆறியதும் மறுபடி தோட்டத்து மைதானத்துக்குப் போனேன். ஆட்டத்தின் நடுவில் பந்து பள்ளத்துப் பக்கம் உருண்டது. எல்லாரும் பாய்ந்து ஓடினார்கள். நான் மட்டும், எதிரணிக்காரன் உதைத்ததுதானே, போகட்டும் என்று நின்றுவிட்டேன். மற்றவர்கள் எட்டுவதற்குள் பந்து தேயிலைக்குள் மறைந்துவிட்டது. எங்கள் கோல் காக்கும் சேகர் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்ன மச்சான், காலேஜ்காரனாயிட்டியா?”

கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்காவிட்டாலும் போகிற பந்தை விட்டுவிடும் கல்லூரிப் பழக்கம் கிடைத்துவிட்டது; விட்ட பந்தைக் காலில் சவர்க்காரம்கூடத் தேய்க்காமல் ஆற்றோரம் வரை போய் எடுத்து வந்தேன்.