இரண்டு குத்து வீண், மூன்றாவது அவர் சொன்ன இடத்தில்

ரத்தம் எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திருப்பதியில் இதே லேபில் பதினோரு வருடம் ஆகிறது. இன்று காலை அது இறங்கிவிட்டது.

வந்தவர் ரேணிகுண்டாவில் லாரி மெக்கானிக். முன்பு போதை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். அதில் தொற்றிய ஹெபடைடிஸ் சி கிருமிக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். கிருமி ஒழிந்ததா என்று பார்க்கத்தான் இன்றைய டெஸ்ட்.

இரண்டு முறை குத்தினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. வியர்த்தது அவருக்கு இல்லை, எனக்கு.

"இன்னா மேடம், அங்கியே தேடிக்கினு கீறீங்க? அந்த நரம்பெல்லாம் நானே கெடுத்து வெச்சது" என்றார். கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே பின்பக்கத்தில் ஓர் இடத்தைத் தடவிக் காட்டினார். "இங்க குத்துங்க. இத மட்டும் நான் தொட்டதே இல்ல."

"ஏன்?"

"ஆஸ்பத்திரிக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தேன் மேடம். என்னிக்காவது வருவேன் இல்ல?"

ஒரே குத்து. குழாய் நிறைந்தது.

மதியம் ரிசல்ட் வந்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கிருமி இல்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

இதை ஃபேஸ்புக்கில் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க, பர்வாலேது, தப்பில்ல. என் பேரு மட்டும் வாணாம். நீங்க ரெண்டு வாட்டி கோட்ட வுட்டதையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். கிண்டல் செய்ய நினைப்பவர்கள் கமெண்டில் வரிசையாக வரலாம். ஆளுக்கு ஒரு குத்துதான்.