பின்சில்லு காரில் ஹெம்செடால் மலை தாண்டி

கடந்த பெப்ரவரி, பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குக் காரில் போனோம். தம்பி மகளின் குழந்தைக்குச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் என் மகள் ஷெரின். விமானத்தில் ஐம்பது நிமிடத்தில் போயிருக்கலாம். ஆனால் குழந்தைக்கென்று அவளே மரம் வாங்கி, அரத்தாள் தேய்த்து, வண்ணம் பூசிய தொட்டில் ஒன்று இருந்தது. அதைத் தானே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றாள்.

கார் அவளுடையது. பின்சில்லுகளை மட்டும் மோட்டார் சுழற்றும் மின்சாரக் கார். இருபத்திரண்டு வருடமாக ஒஸ்லோவில் பொதி வண்டி ஓடுகிறவன் நான். முன்சில்லு இழுக்கும் வண்டியைத் தவிர வேறொன்றையும் பனியில் நம்பியதில்லை. அவள் இதை வாங்கிய நாளிலேயே, நான்கு சில்லும் இழுக்கிறதை எடுத்திருக்கலாமே என்று சொன்னேன். அவள் ஆசிரியை. அந்த விலைக்கு இரண்டு வருடச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சிரித்தாள்.

காலை 7.10க்கு ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குரூருட்டிலிருந்து வெளிக்கிட்டோம். வெப்பநிலை மைனஸ் ஒன்பது. அதற்கு முன் அரை மணித்தியாலம் கார் சார்ஜ் வயரில் இருந்தபடியே உள்ளே சூடேற்றியிருந்தாள். பற்றரியும் சூடாகிவிடும், பயணத்தில் சார்ஜ் மிஞ்சும். ஹோனஃபொஸ் வழியாக கோல் வரை 190 கிலோமீற்றர். 10.05க்கு அங்கே நின்று நாற்பது நிமிடம் சார்ஜ் ஏற்றினோம். 239 குரோனர். பின்பெட்டியைத் திறந்தபோதுதான், நான் இரகசியமாக வைத்திருந்த இரண்டு இருபது கிலோ அரிசி மூட்டைகளை அவள் கண்டாள். பின்சில்லுக்குப் பாரம் வேண்டுமே என்று வைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். பழைய பின்சில்லு கார்களில் எஞ்சின் முன்னால், பின்பக்கம் வெறுமை. அதனால்தான் வழுக்கின என்றும், இதில் மோட்டாரே பின் அச்சில் இருக்கிறது, பற்றரி தரை முழுக்கப் பரந்திருக்கிறது என்றும் பொறுமையாக விளக்கினாள். மூட்டைகள் விருந்துக்கு உதவும் என்று விட்டுவிட்டோம்.

ஹெம்செடால் ஊரைத் தாண்டியதும் காற்று பிடித்தது. 11.40க்கு மலையடித் தடுப்புக்கம்பி மூடியிருந்தது. இதை இங்கே கொலோனே என்பார்கள்: முன்னால் பனி வழிக்கும் லொறி போக, பின்னால் கார்கள் வரிசையாக ஒன்றின் பின்விளக்கைப் பார்த்து ஒன்று போக வேண்டும். நாங்கள் ஏழாவது. வீதிப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்சில்லு என்று கேட்டதும் குனிந்து டயர்களைத் தடவினார். பனியைப் பிடிக்கும் இரும்பு ஆணி பதிக்காத குளிர்கால டயர், அதற்கு முந்தைய நவம்பரில்தான் புதிதாகப் போட்டது. சார்ஜ் எவ்வளவு, குளிருடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். அறுபத்தாறு வீதம், இருக்கிறது என்றாள். மேலே ஏற்றத்தில் நிற்க நேரலாம், முடியாது என்று தோன்றினால் இப்போதே திரும்புங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

“திரும்புவம் பிள்ளை. நாளைக்கு விடியப் பாப்பம்” என்றேன்.

“நாளைக்கு விடிய றோட்டு திறந்திருக்குமெண்டு ஆர் சொன்னது? நான் பதினொரு மணிக்கு அங்கை நிக்கவேணும், அப்பா.”

12.35க்கு கம்பி உயர்ந்தது. வெளியே எல்லாம் பால் போல வெள்ளை. வீதிக்கரையைக் காட்டும் பனிக்கம்பங்களும் முன்காரின் சிவப்பு விளக்கும் மட்டுமே தெரிந்தன. நல்ல ஏற்றம் ஒன்றில் அந்தச் சிவப்பு விளக்கு திடீரென்று பெரிதாகியது. வரிசை நின்றுவிட்டது. முன்னுக்கு யாரோ சறுக்கியிருக்க வேண்டும். ஷெரின் மட்டும் முன்காரோடு ஒட்டாமல் முப்பது மீற்றர் விட்டு நிறுத்தினாள். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். வெளிக்கிட்ட பிறகு மறுபடி நிற்க வேண்டி வராமல் இருக்க இடம் வேண்டும் என்றாள்.

பத்து நிமிடம் கழித்து வரிசை அசைந்தது. அவள் மெதுவாக மிதித்தாள். சில்லு சுழன்றது, கார் ஏறவில்லை. சறுக்கலைக் காட்டும் மஞ்சள் விளக்கு துடித்தது. பின்பக்கம் இடதுபுறம் எதிர்ப்பாதையை நோக்கி நழுவியது. என் கை தானாகவே ஸ்ரியரிங்கைப் பிடித்துவிட்டது.

“அப்பா, கையை எடுங்கோ.”

சத்தம் போடவில்லை. வகுப்பில் பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னாள். எடுத்தேன். முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

அவள் பிறேக் பிடித்தாள், சில்லை நேராக்கினாள், கண்ணாடியில் பின்னால் நின்ற லொறியின் தூரத்தைப் பார்த்தாள். பிறகு காரை ஒரு முழம் பின்னுக்கு உருளவிட்டு, கண்ணாடி போல மினுங்கிய தடத்திலிருந்து விலக்கி, வலதுபக்கம் கிடந்த சொரசொரப்பான பனிமேல் சில்லுகளை ஏற்றினாள். மறுபடி மிதித்தாள். மிதித்தாள் என்று கூடச் சொல்ல முடியாது, பாதத்தின் பாரத்தைக் கொஞ்சம் வைத்தாள். பின்சில்லு கடித்துப் பிடித்தது. ஏற்றத்தில் காரின் பாரமெல்லாம் பின்னுக்கு வரும், அதுதான் அவளுக்கு உதவியது. முப்பது மீற்றர் இடத்தில் வேகம் சேர்ந்தது. உச்சி வரை நாங்கள் மறுபடி நிற்கவில்லை. வழியில் கரையொதுங்கி நின்ற பெரிய நான்குசில்லு கார் ஒன்றைக் கடந்தோம். அதன் டயர்கள் மொட்டையாக இருந்தன.

இறக்கத்துக்கு முன் அவள் திரையில் எதையோ குறைத்தாள். மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் பின்சில்லை இழுத்துப் பிடிக்கும், வழுக்கலில் அதுவே பின்பக்கத்தைச் சுழற்றிவிடும் என்றாள். பொதி வண்டியில் இருபத்திரண்டு வருடம் ஓடியும் எனக்குத் தெரியாத விடயம்.

மறுபக்கத் தடுப்பில், 13.35க்கு, எங்களுக்குப் பின்னால் வந்த லொறிச் சாரதி இறங்கி எங்கள் கண்ணாடியில் தட்டினார். ஏற்றத்தில் நடந்த எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் போலும். நன்றாக ஓடினீர்கள் என்று நொர்வேஜியனில் அவளிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, உங்கள் மகளா என்று கேட்டார். ஆம், என் மகள்தான் என்றேன்.

லார்டால் சுரங்கப்பாதை தாண்டி, வொஸ்ஸில் 214 குரோனருக்குச் சார்ஜ் ஏற்றினோம். அதன் பிறகு மழை. வீதியில் சில்லுகள் பதித்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. எண்பது போகக்கூடிய இடங்களிலும் எழுபதில்தான் போனாள். பேர்கனுக்குள் ஒரு சுற்றுவட்டத்தில் அவசரமாக மிதித்ததில் பின்பக்கம் ஒருமுறை வாலாட்டியது. “அது என்ரை பிழை” என்றாள். 18.10க்குத் தம்பி வீட்டு வாசலில் தொட்டிலை இறக்கினோம்.

மறுநாள் ஆலயத்தில் அவள் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றபோது, வீதி நிலவரம் பற்றிக் கேட்ட உறவினர் எல்லோருக்கும் நானே ஏற்றத்தின் கதையைச் சொன்னேன். நாலாவது தடவை சொன்னபோது, போதும் அப்பா என்று கண்ணால் காட்டினாள். நான் நிறுத்தவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: பின்சில்லா முன்சில்லா என்பதைவிட டயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மலைக்கு முன் அறுபது வீதத்துக்குக் குறையாமல் சார்ஜ் வைத்திருங்கள், காத்து நிற்கும்போது சூடாக்கவும் அது வேண்டும். ஏற்றத்தில் முன்காருக்கு இடம் விடுங்கள். மிதிக்கும் கால் மெதுவாக இருக்கட்டும். மழையிலும் அப்படித்தான். காலையில் வீதி நிலவரம் பார்த்தே வெளிக்கிடுங்கள். கொலோனேக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் கையைத் தன்னோடு வைத்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அதே வழியால் திரும்பினோம். மலையில் காற்று எப்படி, பனி எவ்வளவு, கம்பி மூடியிருந்ததா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், என்னால் சொல்ல முடியாது. லார்டாலில் கண்ணை மூடியவன், கோலில் அவள் தட்டி எழுப்பும் வரை நல்ல நித்திரை.