‘ஆனா’ இல்லாத இருபத்தொரு நாள்

பாசிர் கூடாங்கில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தொழிற்சாலை பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது. இருந்தாலும் அந்த வதந்தி மூன்று வாரமாகப் பஸ்ஸைவிட்டு இறங்க மறுத்தது. அதற்கு இரண்டு பாதி. முதல் பாதி: பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரேமலா விற்கிற ரோஸ் நிறக் கல், பதினோரு வருடப் பகை ஒன்றைத் தீர்த்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் இரண்டாம் பாதி: ஊருக்கெல்லாம் மன்னிக்கச் சொல்லித்தருகிற பிரேமலா, தங்காக்கில் இருக்கும் சொந்தத் தங்கச்சியோடு நாலு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்.

விசாரித்ததில் இரண்டும் உண்மை. ஒரு வதந்திக்கு இதைவிட அவமானம் இல்லை.

முதல் பாதிக்குச் சாட்சி, தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் அங்கம்மா. மாமரக் கிளை வேலி தாண்டி வந்ததில் பக்கத்து வீட்டம்மாவோடு அவருக்குச் சண்டை. பிரேமலாவிடம் ரோஸ் குவார்ட்ஸ் கைச்சரம் வாங்கி இடது கையில் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஈரத்துணியை உதறும்போது சரடு அறுந்து, கற்கள் பக்கத்து வீட்டு வாசல் சாக்கடைக்குள் உருண்டன. பதினோரு வருடத்தின் முதல் வார்த்தை இப்படி வந்தது: “என் கல்லு உங்க லொங்காங்குல விழுந்துருச்சு.”

“எத்தனை கல்லு?” என்றார் அந்தம்மா.

இருபத்திரண்டு. இருவரும் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பத்தொன்பதாவது கல் கிடைப்பதற்குள் மாங்கிளை மறந்துபோயிருந்தது.

“அப்ப பகையைத் தீர்த்தது கல்லா, லொங்காங்கா?” என்று பஸ் டிரைவர் வீரமுத்து சீண்டிப் பார்த்தார்.

பிரேமலா அசரவில்லை. “எங்க விழணும்னு கல்லுக்குத் தெரியும்ணே.”

அவருடைய பேச்சு எப்போதும் அப்படித்தான். இருபத்தாறு வருடமாகப் பாட்டில் மூடியில் குறை கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண்ணுக்கு மனிதர்கள் மட்டும் தப்புவார்களா? தங்கச்சி ரூபினியோடு பேச்சு நின்ற வருடம் ரத்த அழுத்தம் ஏறியது. ஜொகூர் பாருவில் கல் விற்கும் சீனக் கடைக்காரம்மா ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு ரோஸ் கல்லை உள்ளங்கையில் வைத்து மூடினார். கல் குளிர்ச்சியாக இருந்தது. அன்று பிரேமலா நன்றாகத் தூங்கினார். அதற்கு மேல் அவருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை.

முறையை மட்டும் அவரே வகுத்தார். காலையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, கோபத்துக்குரியவர் பெயரைச் சொல்லி ‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். இப்படி இருபத்தொரு நாள். ‘மன்னிச்சிட்டேன்’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிட வேண்டும். பின்னாலேயே ‘ஆனா’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் மறுபடி முதல் நாள்.

மூடியைத் தரம் பார்ப்பதுபோலத் தன்னையும் ஒளிவுமறைவில்லாமல் தரம் பார்த்துவந்தார். நாலு வருடத்தில் ஆறாம் நாளைத் தாண்டியதில்லை.

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருந்தது ஒரு பத்திரிகை. ரூபினி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கூடப்பிறந்த அக்கா, பெண்ணுக்குப் பெரியம்மா. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டாமா? கொரோனாக் கட்டுப்பாட்டில் சாலையெல்லாம் போலீஸ் மறித்திருந்தது உண்மை. ஆனால் சாலை திறந்து பதினேழு நாள் கழித்துத்தானே கல்யாணம்! தங்காக்கிலிருந்து ஒரு தட்டு வந்து சேரப் பதினேழு நாள் போதாதா? பிரேமலா கல்யாணத்துக்குப் போகவில்லை.

இப்போது பிரேமலாவின் மகள் லோஷினிக்கே கல்யாணம். பத்திரிகை அச்சாகி வந்த அன்று அவள் கைப்பேசியை நீட்டினாள். “ம்மா, சித்திக்கு வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடவா? கணக்கு சரியாப் போயிடும்லா.”

எவ்வளவு இனிப்பான யோசனை! பிரேமலாவின் நாக்கில் அது கரைந்துகொண்டே இருந்தது. அனுப்பிவிட்டால் பழி தீரும். தங்கச்சி இனி இல்லை என்பதும் முடிவாகிவிடும். மணவறையில் சித்தி நிற்க வேண்டிய இடத்தில் யாராவது சிநேகிதி நிற்பாள். அவர் கைச்சரத்தைத் தடவிக்கொண்டார்.

“வேணாம். பெரிய தட்டை எடு. புளி போட்டுத் தேய்.”

ஞாயிற்றுக்கிழமை தங்காக் போனார்கள். ஜவுளிக் கடைகளுக்கு ரவிக்கை தைத்துக்கொடுக்கும் ரூபினி, வீட்டு வாசலில் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

“அலமாக்! இவ்வளவு பெரிய தட்டா?”

“எங்க வீட்டுல அழைக்கிறதுன்னா இப்படித்தான்” என்றார் பிரேமலா. குத்தல் சரியான இடத்தில் இறங்கியதில் அவருக்குத் திருப்தி.

ரூபினி இரு கையாலும் தட்டை வாங்கினார். சட்டைக் கை மேலேறியது. இடது மணிக்கட்டில் ரோஸ் நிறக் கைச்சரம்.

“இது ஏது?” என்றார் பிரேமலா.

“நீங்க கல்லு விக்கிற வாட்ஸ்அப் குரூப்புலதான்க்கா வாங்குனேன். மக பேர்ல. இன்னைக்குப் பதினாலாவது நாள்.”

“யாரை மன்னிக்கிற?”

“வேற யாரை? உங்களைத்தான். எம்மக கல்யாணத்துக்கு வரலையே நீங்க.”

பிரேமலா தங்கச்சியின் கைச்சரத்தை உற்றுப் பார்த்தார். மன்னிக்க வேண்டியவர் தாமல்லவா! நாலு வருடமாகத் தம்முடையது என்று வைத்திருந்த இடத்தில் இவள் எப்படி வந்து உட்கார்ந்தாள்? அதுவும் பதினாலு நாள்!

“நடுவுல ‘ஆனா’ வரலையா?” என்று மட்டும் கேட்டார். தொழில்முறை விசாரணை.

“வந்துச்சு. வாய்க்குள்ளயே கடிச்சுக்கிட்டேன்.”

“அது செல்லாது.”

லோஷினிதான் முதலில் சிரித்தாள். ரூபினி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சாப்பிட மீ கோரேங் வந்தது, மணமகள் ரவிக்கைக்கு அளவு எடுக்கப்பட்டது, கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதில் அக்காளும் தங்கையும் உரக்கச் சண்டை போட்டார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு போட்ட சண்டை. இருவர் முகமும் பளபளத்தது.

அழைக்க வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. “நானே ஏதாவது வெச்சு, வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்க்கா” என்றார் ரூபினி.

மறுநாள் தொடங்கி பிரேமலா தினமும் காலையில் கல்லைப் பிடித்தார். ஆறாம் நாள் தாண்டியது. பத்தும் தாண்டியது. பஸ்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் நாளைச் சொன்னார். மற்ற வீடுகளுக்குப் பத்திரிகை வைக்க அங்கம்மாவின் தட்டை இரவல் வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தங்காக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அலமாரிமேல் பித்தளைத் தட்டு. கீழே ஒரு வரி: ‘அக்கா, தட்டு பத்திரமா இருக்கு.’

பிரேமலா கண்ணை மூடிக் கல்லை இறுக்கிப் பிடித்தார். “ரூபினி, உன்னை மன்னிச்சிட்டேன். ஆனா...”

மறுபடி முதல் நாள். தட்டு இன்னும் தங்காக்கில்தான் இருக்கிறது.