குடலைத் தாண்டிய கசப்பு

ஓசூரில் என் அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு கல்லூரியில் மருந்து ஆராய்ச்சிக்கு உதவியாளராகச் சேர்ந்தேன்.

எங்கள் பேராசிரியரை ஒரு கேள்வி விடாமல் பிடித்திருந்தது. காய்ச்சல் என்றால் ஊரே நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறது. அந்தக் கசப்புச் சத்து குடலைத் தாண்டி உடம்பில் சேர்கிறதா, அல்லது சேராமலே கழிந்துபோகிறதா? வெளிநாட்டில் புதிதாக வந்திருந்த முறை ஒன்றைச் செய்து பார்க்கச் சொன்னார். எலியின் சிறுகுடலை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். அதற்குள் உப்புக் கரைசல் ஊற்றி இரண்டு முனையையும் கட்டி, நிலவேம்புச் சாறு கலந்த வெதுவெதுப்பான கரைசலில் போட வேண்டும். குடல் உயிரோடிருக்க ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கசப்பு உள்ளே வந்து சேர்ந்தால், குடல் அதை ஏற்கிறது என்று பொருள்.

திருப்புவதில்தான் சிக்கல். எலிக்குடல் நனைந்த காகிதம் போலக் கிழிந்தது. கூட வேலை செய்தவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. ஞாயிறுதோறும் ஆட்டுக்குடலைக் குச்சியால் திருப்பிக் கழுவியவள் நான். மெல்லிய கண்ணாடிக் குச்சியில் குடலின் ஒரு முனையைக் கட்டி, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக உருட்டினேன். கிழியாமல் திரும்பியது.

"எங்கே கத்துக்கிட்டேம்மா இதை?" என்றார் பேராசிரியர்.

"எங்களுக்குக் கறிக்கடை சார்."

"அப்ப இனிமே இது உன் வேலை" என்றார்.

அன்று மாலை குடலைச் சாற்றுக் கரைசலிலிருந்து எடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, உள்ளிருந்த நீரில் ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பினேன். கசந்தது. சாறு கலக்காத கரைசலில் கிடந்த குடலின் நீர் வெறுமனே உப்புக் கரித்தது. ரசாயனச் சோதனையும் பிறகு அதையே சொன்னது. கசப்பில் ஒரு பங்குதான் குடலைத் தாண்டியிருந்தது, ஆனாலும் தாண்டியிருந்தது.

என்ன வேலை பார்க்கிறேன் என்று பார்க்க அப்பா ஒருநாள் பஸ் ஏறி வந்தார். குடல் கிடந்த கண்ணாடிப் பாத்திரத்தை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, குடலு கறியாவறதத்தான் நான் பார்த்திருக்கேன். இது செத்த பொறவும் வேலை செய்யுதா?"

"கொஞ்ச நேரம் செய்யும் நைனா. மருந்து இது வழியாத்தான் ரத்தத்துக்குப் போவுது."

"அதை நீதான் கண்டுபுடிச்சியா?"

"நெலவேம்புக்கு நாங்க பார்த்தோம். குடலத் திருப்பினது நான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பஸ் நிலையம் வரை வழியனுப்பப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே பக்கத்திலிருந்த, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாகலூர்க்காரர் ஒருவரிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். என் மகள் இங்கே ஆராய்ச்சி செய்கிறாள் என்றார். வண்டி கிளம்பும்வரை நான் நிமிர்ந்தே நின்றிருந்தேன்.