பழவண்டியா, பூக்கடையா?

போன வெள்ளிக்கிழமை தென்காசியில் ஒரு தியேட்டருக்குள் உட்கார்ந்து சத்தமாகப் பேசினேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஹவுஸ்ஃபுல் கூட்டத்துக்கு நடுவில்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் வளவளவென்று எழுதுகிறவன்தானே, பேசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே! நேரில் நான் வேறு ஆள். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய் பாக்கெட் விற்கிற கடை என்னுடையது. "துண்டு என்ன விலை?" என்று யாராவது கேட்டால், மேலே தொங்குகிற விலை அட்டையைக் காட்டுவேன். விரலால். ஹோட்டலில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால்கூட, சர்வர் தானாக என் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பேன்.

அப்படிப்பட்டவன் தியேட்டரில் வாயைத் திறந்தேன் என்றால்... காரணம் மாடசாமி.

மாடசாமியின் குரலைக் கேட்காத காது தென்காசியில் கிடையாது. ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று 'வாங்க வாங்க, ஆடித் தள்ளுபடி' என்று தெருத்தெருவாகப் போகுமே... அந்தக் குரல். சின்ன வயதிலேயே அவனுக்குக் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. என் பள்ளிக்கூடத் தோழன். அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்குக் காமிக்ஸ் வாசித்துக் காட்டுவது நான்தான். சும்மா வசனத்தை வாசித்தால் போதாது. யார் எங்கே நிற்கிறார், என்ன நிறத்தில் சட்டை, குத்து எந்தப் பக்கம் விழுகிறது... கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். "பின்னாடி சுவத்துல என்னலே இருக்கு?" என்பான். ஒன்றையும் விட விடமாட்டான்.

அவனோடு தனியாக இருந்தால் எனக்கு வாய் அருவி மாதிரி கொட்டும். மூன்றாவது ஆள் வந்தால் போச்சு. குழாயை இறுக்கி மூடிய மாதிரி நின்றுவிடும்.

எங்கள் இருவருக்கும் ஒரே வீரன்தான். மௌனச் சூறாவளி. வெளிநாட்டுக் காமிக்ஸ், தமிழில் போட்டபோது வைத்த பெயர். முகமூடி, சாம்பல் நிற அங்கி. எத்தனை புத்தகம் வந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டான். அடி வாங்கினால்கூட 'ஆ' கிடையாது. எனக்கு அவனை ஏன் பிடித்தது என்று விளக்க வேண்டுமா?

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தையில் சண்டை முடிந்து எல்லாரும் ஓடிய பிறகு, அவன் திரும்பி வருவான். கவிழ்ந்து கிடக்கிற ஒரு பழவண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவான். மற்ற வீரர்கள் ஊரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கடைகளை நொறுக்கிவிட்டுப் பறந்துவிடுவார்கள். கடைக்காரன் கதி என்ன என்று யோசித்தவன் இவன் ஒருத்தன்தான். நானும் கடைக்காரன். எனக்குத் தெரியும்.

இந்தச் சூறாவளியைத்தான் இப்போது சினிமாவாக எடுத்துவிட்டார்கள். தமிழ் டப்பிங்கோடு தென்காசிக்கே வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் காமிக்ஸ் குழு இரண்டாகப் பிளந்தது.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கூடுகிற நரைத்த தலைகள் சில. அதில் கொஞ்சம் கறுப்பாக இருக்கிற தலை செல்வினுடையது. ஆலங்குளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சினிமா என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு பட்டனைக்கூட மாற்றக் கூடாது என்பது மாடசாமி கட்சி. நான் டீ குடிக்கிற கட்சி.

"அண்ணாச்சி, பேசாத ஹீரோவ வச்சி எவன் படம் எடுப்பான்?" என்று ஆரம்பித்தார் செல்வின். "புஸ்தகத்துலன்னா கட்டத்துக்கு மேல எழுதியிருக்கும், அவன் மனசுல என்ன நினைக்கான்னு. படத்துல அதை எங்கன எழுதுவான்? வாயைத் தொறந்துதான் ஆவணும்."

"மூஞ்சியில காட்டட்டும்" என்றான் மாடசாமி.

"முகமூடில்லா போட்டிருக்கான்!"

டீ மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். மாடசாமி அசரவில்லை.

"அப்போ கண்ணுல காட்டட்டும்லே. அவன் பேசுனா அது சூறாவளி இல்ல. என்னைய மாதிரி ஆடித் தள்ளுபடி விக்குதவன்."

"சரி, அங்கி நிறத்தையாவது மாத்தலாமா?"

"கூடாது."

"வில்லன் பேரு?"

"கூடாது."

"சந்தையத் தூக்கிட்டு மால்ல சண்டை வச்சான்னா?"

"எந்திச்சி வெளிய வந்திருவேன்."

"எப்படி வருவீய? நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

"வாசல் எனக்குத் தெரியும்லே. பாப்கார்ன் வாசம் வருத பக்கம்!"

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது செல்வின் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். தப்பா நினைக்காதீய. அவன் பேசாம இருந்தான்னா உங்களுக்கு அங்கன என்ன இருக்கு? டமார் டுமீர்னு சத்தத்தக் கேட்டுட்டு இருட்டுக்குள்ள உக்காந்திருக்கணும். அவன் பேசணும்னு முதல்ல கேக்க வேண்டிய ஆளே நீங்கதான?"

மாடசாமி கிளாஸைக் கீழே வைத்தான்.

"எனக்காவ அவனை மாத்தச் சொல்லுதியா? வேண்டாம்டே. அவன் அவனாவே இருக்கட்டும். எனக்கு இவன் சொல்லுவாம்லா" என்று என் தோளைத் தட்டினான்.

எனக்கு டீ புரையேறியது.

பந்தயமும் கட்டினார்கள். சூறாவளி ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் மாடசாமி எல்லாருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். பேசாவிட்டால் செல்வின்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. சீசனில் கடையை அடைக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி இல்லாமல் ஷட்டரை இறக்கினேன். அருவி திறந்திருந்தால், வியாபாரம் இருக்கிறது என்று சொல்லிப் போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அது வழிவிட்டுவிட்டது!

தியேட்டரில் எனக்கு இடப்பக்கம் மாடசாமி. அவனுக்கு அந்தப் பக்கம் செல்வின். படம் ஆரம்பித்ததும் மாடசாமியின் காதோடு காதாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்பீக்கர் சத்தம் நெஞ்சை இடித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலலே. சத்தமா சொல்லு."

கொஞ்சம் கூட்டினேன். உடனே முன் சீட்டுக்காரர் திரும்பினார். "யாருவே அது, ரன்னிங் கமென்ட்ரி?"

அவ்வளவுதான். குழாய் மூடிக்கொண்டது. மாடசாமியின் முழங்கை என்னை இடித்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூறாவளி வந்தான். பேசவில்லை. முதல் சண்டை. பேசவில்லை. மாடசாமி பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தான்... படத்தில் தோற்றுக்கொண்டிருந்தான்.

திரையில் ஏதோ ஒரு வேடிக்கை. வில்லனின் ஆள் ஒருவன் தன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மிரட்டுகிறான். வசனமே கிடையாது. தியேட்டரே சிரித்தது. மாடசாமியும் சிரித்தான். ஆனால் கொஞ்சம் பிந்தி... எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு.

அந்தக் கொஞ்சம் பிந்தியதுதான் என்னைச் சுட்டது. நாற்பது வருஷமாக நான் வாசிக்கும்போது என்னோடு சேர்ந்து சிரித்தவன். சில சமயம் எனக்கு முன்னாலேயே சிரித்தவன். இப்போது ஊர் சிரித்தபின் சிரிக்கிறான்.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் திறந்துகொண்டது.

"துப்பாக்கிய தலைகீழாப் பிடிச்சிருக்காம்லே, கிறுக்கன்! சூறாவளி மொட்டை மாடியில நிக்கான். அங்கி சாம்பல்தான், மாத்தல. குதிக்கான்... காத்துல அங்கி விரியுது, குடை மாதிரி..."

மாடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். முன் சீட்டுக்காரர் மறுபடி திரும்பினார். செல்வின் முன்னால் குனிந்து, "அவருக்குக் கண்ணு தெரியாது வேய். கொஞ்சம் பொறுத்துக்கிடும்" என்றார். மனிதர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. சண்டை வாயைவிட வேகம். ஒரு குத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குத்து விழுந்து, சுவர் இடிந்து, ஆள் மாறிவிடுகிறான். எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது? காமிக்ஸில் கை வைத்துவிடுவான் என்று டீக்கடையில் மாடசாமி கரித்துக் கொட்டிய அந்த டைரக்டருக்கும் இதே பாடுதானே? அந்த இருட்டில் முதல்முறையாக அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது.

இடைவேளையில் முன் சீட்டுக்காரர் எழுந்து என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். எல்லாம் மங்கலாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுதீயளா?"

அதற்குப் பிறகு என்னை யார் பிடிப்பது?

கடைசிக் காட்சி. வில்லன் ஒழிந்துவிட்டான். புகை. காப்பாற்றப்பட்ட பெண் கேட்கிறாள்: "நீங்க யாரு?" தியேட்டரில் சத்தமே இல்லை. மாடசாமி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னலே பண்ணுதான்?"

"முகமூடியக் கழட்டுதான்."

"வாயைத் தொறக்கானா?"

"தொறக்கான்..."

செல்வின் சீட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார். அவன் உதடு அசைகிறது... ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். சொல் வரவில்லை.

"பேசல! மாடசாமி, பேசலலே! திரும்பிப் போறான். போறான்... நிக்கான். திரும்பி வாரான். குனியுதான்... கவுந்து கெடந்த பழவண்டிய நிமித்தி வைக்கான்லே!"

மாடசாமி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தான் பாருங்கள் ஒரு விசில்! ஆட்டோ ஸ்பீக்கருக்கே வேலையில்லை. பின்னாலேயே தியேட்டர் முழுக்க விசில். முன் சீட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். திரைக்கா எனக்கா என்று தெரியவில்லை. எனக்கென்றே வைத்துக்கொண்டேன்.

வெளியே சாரல். புரோட்டாக் கடையில் பந்தயக் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தோம். செல்வின் சால்னாவை ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சிரித்தார்.

"ஒரு விஷயம் அண்ணாச்சி. படத்துல பழவண்டி இல்ல. பூக்கடை."

நான் விழித்தேன்.

"சத்தியமா. அவன் நிமித்தி வச்சது பூக்கடை மேசை. பழவண்டி புஸ்தகத்துல வருதது. இவரு படத்தப் பாத்துக்கிட்டே புஸ்தகத்த சொல்லிட்டாரு! காமிக்ஸ மாத்திருவான்னு டைரக்டர ஏசுனீய... இவரு படத்தையே மாத்திட்டாருல்லா!"

நினைத்துப் பார்த்தேன். ஆமாம், பூக்கள்தான். தரையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. கண் பூவைப் பார்த்திருக்கிறது. வாய் பழத்தைச் சொல்லியிருக்கிறது. ஒரு பட்டனை மாற்றினாலும் பொறுக்காத மாடசாமியிடம், ஒரு கடையையே மாற்றிச் சொல்லியிருக்கிறேன். காது சூடாகிவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன்.

மாடசாமி ஒரு துண்டு புரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றான்.

"பூக்கடையோ பழவண்டியோ... நிமித்துனானா இல்லியா?"

"நிமித்துனான்" என்றார் செல்வின்.

"போவும்போது ஒரு வார்த்தை பேசுனானா?"

"இல்ல."

"அப்போ அது எங்க சூறாவளிதாம்டே. அதுக்கு மேல எதை வேணா மாத்திக்கிடட்டும்!"

செல்வின் கையிலிருந்த புரோட்டாவைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டார். "இதத்தான அண்ணாச்சி இத்தனை நாளா நான் தொண்டை கிழியச் சொல்லுதேன்!"

"நீ சரியாச் சொல்லலலே" என்றான் மாடசாமி. "இன்னொரு செட்டு புரோட்டா சொல்லு."

யார் ஜெயித்தார்கள்? பந்தயத்தில் மாடசாமி. வாதத்தில் செல்வின். ஒருத்தரும் தோற்கவில்லை. கதையை எடுத்துச் சொல்கிற யாரும் எதையாவது மாற்றத்தான் செய்வார்கள்போல. கவிழ்ந்ததை நிமிர்த்த மறக்காதவரை மன்னித்துவிடலாம்.

மறுநாள் அருவியில் தண்ணீர் குறைந்து தடை நீங்கியது. நான் கடையைத் திறந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத்தலைவர், "துண்டு என்ன விலை?" என்றார். விரல் வழக்கம்போல அட்டையை நோக்கி மேலே போனது... பாதியில் இறக்கிவிட்டேன். விலையைச் சொன்னேன். அப்புறம் துண்டின் கரை என்ன நிறம் என்று சொன்னேன். தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று சொன்னேன். நனைந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவியிலிருந்து திரும்பும்போது காற்றில் அது எப்படி விரியும் என்றும் சொன்னேன்.

ஒரு துண்டு வாங்க வந்தவர், வீட்டில் எல்லாருக்கும் வாங்கிக்கொண்டு போனார்!