மாப்பிள்ளை எந்த ஊரால வந்தவர்?

ஸல்ஹா அபூதாஹிர். பிறப்பு: மூதூர், 1940 மே 14. தந்தை அபூதாஹிர், திருகோணமலையிலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் களஞ்சிய எழுதுநர். 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது வேலையை இழந்தவர். தாய் ஆமினா உம்மா. ஒரே தங்கை றஹ்மா. ஆரம்பக் கல்வி மூதூரில். 1952 முதல் திருகோணமலை நகரில், உறவினர் வீட்டில் தங்கி. 1959இல் பேராதனைப் பல்கலைக்கழக அனுமதி. 1963இல் வரலாற்றில் சிறப்புப் பட்டம். மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி. 1966 செப்டெம்பரில் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்றார். 1972இல் கலாநிதிப் பட்டம். அந்நாட்டிலேயே 1973இல் விரிவுரையாளர், 1980இல் இணைப் பேராசிரியர். ஆய்வுப் பொருள்: அரச ஆணையால் இடம்பெயர்க்கப்பட்ட மக்களிடையே இனமும் பெண்களின் நிலையும்.

இவ்வளவும் ஆவணங்களில் உள்ளவை. எஞ்சியவை 1982 ஜனவரியில் மூதூரில் ஸல்ஹாவிடமும் றஹ்மாவிடமும் கேட்டறிந்தவை. கலாநிதிப் பட்டம் ஒரு கேள்வியின் காரணமாகக் கைநழுவிப்போக இருந்தது என்பது எந்த ஆவணத்திலும் இல்லை.

மூதூரிலும் கிண்ணியாவிலும் வீடு பெண்ணுக்குரியது. தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் அங்கே வந்து குடியிருப்பார். அபூதாஹிர் கிண்ணியாவிலிருந்து அவ்வாறு வந்தவர். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், குசினியில் சட்டிபானை எதையாவது இடம் மாற்றி வைத்துவிட்டால் ஆமினா உம்மா அவரை விடமாட்டார்.

“வந்த மாப்பிள்ளை வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கோணும். இது என்ட உம்மாட குசினி.”

“ஓம், நான் இன்னும் விருந்தாளிதானே. தேத்தண்ணி ஒண்டு தாங்க, குடிச்சிட்டு லோஞ்சுக்குப் போறன்” என்பாராம் அபூதாஹிர். கொட்டியாரக் குடாவைக் கடந்து நகருக்குச் செல்லும் லோஞ்ச் எனும் காலைப் படகில்தான் அவர் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்தார்.

ஊரில் புதிதாக ஒரு பெண்ணைச் சந்திப்பவர்கள் முதலில் கேட்பது, “மாப்பிள்ளை எந்த ஊரால வந்தவர்?” என்பதே. பெண் எங்கே போனாள் என்று எவரும் கேட்பதில்லை. அவள் எங்கும் போவதில்லை.

1966இல் ஸல்ஹாவின் பயணம் உறுதியானபோது ஆமினா உம்மாவுக்கு எழுந்த முதற் கவலையும் வீட்டைப் பற்றியதே. மூத்தவள் என்ற வகையில் அது ஸல்ஹாவுக்கு உரியது.

“றஹ்மாவுக்கு எழுதிக் குடுங்க உம்மா. நான் வர எத்தன வருசமோ தெரியாது.”

“அப்ப உனக்கு வாற மாப்பிள்ள எங்க இருக்கிறது? அமெரிக்காவில மரத்திலயா?”

“ராத்தாட மாப்பிள்ளைக்கு ஒரு கூடாரம் வாங்கிக் குடுப்பம்” என்று றஹ்மா சொன்னதாகவும், மூவரும் சிரித்ததாகவும் இருவருமே கூறினர். அவ்வாண்டே வீடு றஹ்மாவின் பெயருக்கு மாறியது. ஸல்ஹா பின்னர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அமெரிக்காவில் அவர் தெரிந்தெடுத்த ஆய்வுப் பொருள் அந்நாட்டு மாணவர் பலர் தொடத் தயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில், தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த பூர்வகுடிகளை அமெரிக்க அரசு படையைக் கொண்டு மேற்கே, இன்றைய ஒக்லஹோமாப் பகுதிக்குத் துரத்தியது. வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அப்பூர்வகுடிகளுள் வசதி படைத்தோர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். அவர்களும் அதே பாதையில் நடத்திச் செல்லப்பட்டனர். இவ்விரு சாராரின் வழிவந்த முதிய பெண்களைச் சந்தித்து, தாய்மாரிடமிருந்து அவர்கள் கேட்டவற்றை ஒலிப்பதிவு செய்வது ஸல்ஹாவின் திட்டம். 1970, 1971 ஆகிய இரு கோடைகளிலும் பழைய கார் ஒன்றில் ஒக்லஹோமாவின் சிற்றூர்களில் அலைந்து நாற்பத்து மூன்று பெண்களைச் சந்தித்தார்.

ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: “நடந்து வந்த உங்கள் மூதாட்டி பழைய ஊரில் வாழ்ந்த வீட்டுக்கு, அவருடைய கணவர் எந்த ஊரிலிருந்து வந்தார்?”

ரூத் என்ற எண்பது வயதுப் பூர்வகுடிப் பெண், கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த தையலைக் கீழே வைத்தாராம்.

“இத்தனை காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த எவரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் பாட்டனார் பெயரைத்தான் கேட்பார்கள். உனக்கு இதை யார் சொன்னது?”

“எதை?”

“வீடு அவளுடையது என்பதை.”

தான் எதையும் சொல்லவில்லையே என்று ஸல்ஹாவுக்குத் திகைப்பு. அச்சமூகத்தில் வீடும் தோட்டமும் பெண்வழி இறங்கின என்பதை அவர் நூல்களில் படித்திருந்தார். ஆயினும் அந்த அறிவைக் கொண்டு அமைத்த கேள்வியன்று அது. மூதூர் வழக்கு அப்படியே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதில் ஓர் அனுமானம் உண்டென்பதே அவர் கண்ணுக்குப் படவில்லை.

அது பட்டது பேராசிரியர் மெரிட்டின் கண்ணுக்கு. ஆய்வேட்டைப் பரிசீலித்த குழுவின் மூவருள் அவர் ஒருவர். 1971 டிசெம்பரில் ஒலிநாடாக்களைக் கேட்டுவிட்டு அவர் கூறியது இது:

“இந்தக் கேள்வி பதிலையும் கையில் கொடுத்துவிடுகிறது. கணவர் மனைவியின் வீட்டுக்கு வந்தார் என்று நீங்களே சொல்லிவிட்டு, எங்கிருந்து என்று மட்டும் கேட்கிறீர்கள். இந்த நேர்காணல்களை ஏற்க முடியாது. அவற்றை நீக்கிவிட்டு எழுதுங்கள்.”

நேர்காணல்கள் நீங்கினால் ஆய்வேட்டில் எஞ்சுவது முன்னுரை மட்டுமே. புலமைப்பரிசில் 1972 யூனில் முடிவடைய இருந்தது. அதற்குள் ஆய்வேடு ஏற்கப்படாவிடின் ஆறாண்டு உழைப்பின் பின் பட்டமின்றி ஊர் திரும்ப வேண்டும். குற்றச்சாட்டில் நியாயம் இருந்ததுதான் ஸல்ஹாவை அதிகம் வருத்தியது. “அவர் சொன்னது பிழை எண்டு என்னால சொல்ல ஏலாமப் போயிற்று” என்றார்.

குளிர்கால விடுமுறையில் அவர் ஒலிநாடாக்களை மீண்டும் முதலிலிருந்து கேட்டார். இம்முறை பதில்களை விட்டுவிட்டு, கேள்வி முடிந்த கணத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார். இருபத்தாறு பெண்கள் கேள்வியை இயல்பாக ஏற்று, ஊரின் பெயரைச் சொல்லியிருந்தனர். ஆறு பேருக்குத் தெரியவில்லை. பதினொரு பெண்கள் அவரைத் திருத்தியிருந்தனர். சிலர் சிரித்தே விட்டனர்: “இல்லை அம்மா, எங்கள் வீட்டில் பெண்தான் கணவரிடம் போனாள், அவர்கள் வெள்ளையர் வழக்கத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள்.” அடிமைகளின் வழிவந்த எஸ்தர் என்ற கறுப்பினப் பெண்ணின் திருத்தம் வேறுவிதமானது:

“எந்த வீட்டைப் பற்றிக் கேட்கிறாய், மகளே? வீட்டுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக அரச ஆட்கள் சொத்துகளை எழுதியபோது, என் பாட்டியின் தாயையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். மாடுகளுக்கு அடுத்த வரியில்.”

1972 மார்ச்சில் ஸல்ஹா குழுவின் முன் அமர்ந்தார். மெரிட் மீண்டும் அதே ஆட்சேபத்தை எழுப்பினார்.

“கேள்வியில் அனுமானம் உண்டு, சேர். அது என் ஊர் வழக்கு. நான் அதை அறியாமலே கொண்டுவந்துவிட்டேன். ஆய்வேட்டில் அவ்வாறே எழுதியிருக்கிறேன். ஆனால் பதிலை நான் கையில் கொடுத்திருந்தால் எல்லோரும் வாங்கியிருக்க வேண்டும். பதினொரு பேர் வாங்கவில்லை.”

“மற்றவர்கள் மரியாதைக்காக ஒத்துக்கொண்டிருக்கலாமே.”

“எண்பது வயதுப் பெண்களை நீங்கள் அதிகம் சந்தித்ததில்லை போலும்.”

குழுவில் ஒருவர் சிரித்தார், மெரிட் சிரிக்கவில்லை. ஸல்ஹா தொடர்ந்தார்:

“குடும்பத் தலைவர் யார் என்று அரச அலுவலர்கள் அன்று கேட்டார்களே, அதிலும் பதில் இருந்தது. ஆணின் பெயரைத் தவிர வேறெதையும் எழுத அவர்களிடம் இடம் இருக்கவில்லை. என் கேள்வி பிழையாக இருந்த வீடுகளில் பெண்கள் என்னைத் திருத்தினார்கள். அந்த அலுவலர்களை எவரும் திருத்த முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால் படை நின்றது.”

மெரிட் சில நிமிடங்கள் தாள்களைப் புரட்டினார். பின்னர் அவர் கேட்டது ஒன்றுதான்: திருத்திய பதினொருவரின் சொற்களும் முழுமையாகப் பின்னிணைப்பில் இடம்பெறுமா? இடம்பெறும் என்றார் ஸல்ஹா. அன்று மாலை மூவரும் கையொப்பமிட்டனர். மெரிட்டின் கையொப்பம் முதலாவதாக உள்ளது.

1974 ஓகஸ்ட் மாதம் கலாநிதி ஸல்ஹா மூதூருக்கு வந்தபோது இறங்குதுறையில் மாலையுடன் நின்றவர்களுள், வேலை இழந்தபின் சிறு கடை வைத்திருந்த அபூதாஹிரும் ஒருவர். “எங்கட கேள்வியக் கொண்டுபோய் அங்க டொக்டர் பட்டம் எடுத்திட்டா என்ட மகள்” என்று லோஞ்சில் வந்த எல்லோரிடமும் அவர் சொல்லிக்கொண்டிருந்ததாக றஹ்மா நினைவுகூர்கிறார். யாரோ, “அப்ப பட்டத்தில பாதி மூதூருக்குத் தரோணும்” என்றார்களாம். “முழுசும் மூதூருக்குத்தான். நான் கிண்ணியா ஆள், எனக்கென்ன” என்றாராம் அபூதாஹிர்.

வீட்டில் ஆமினா உம்மா மகளைத் தம் அருகே இருந்த கதிரையில் அமர்த்தி, தடித்த ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு, முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். ஸல்ஹா சொல்லி முடித்தார்.

“அந்தப் பொம்பிளையளுக்கு வீட்டத் திருப்பிக் குடுத்தாங்களா?”

“இல்ல உம்மா.”

“அப்ப வீட்டுக்கெண்டு குடுத்த காசு? அதுவாவது அவங்கட பேருக்குப் போனதா?”

“அதையும் தேடிப் பார்த்தனான். கடைசிப் பக்கத்தில இருக்கு.”

“வாசி, கேப்பம்.”

ஸல்ஹா கடைசிப் பக்கத்தைத் திறந்து, தமிழில் சொல்லி வாசித்தார். பெண்ணுக்குரியவை எனப் பதில் கிடைத்த வீடுகள்: இருபத்தாறு. அவற்றுள் அரச இழப்பீட்டுப் பதிவுகளில் அடையாளம் காண முடிந்தவை: பத்தொன்பது. பெண்ணின் பெயரில் பதியப்பட்டவை: இரண்டு.