நிமிர மறுத்த அலமாரி

எங்கள் சித்தப்பாவுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். சாய்வு பார்க்கும் அந்தக் கருவி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். புதுக் கட்டடங்களுக்குச் சுவரோடு பொருத்தும் அலமாரிகள் செய்து கொடுப்பது அவர் தொழில். வரைந்து கொடுப்பது சித்தி.

போன விடுமுறைக்கு நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, முப்பது வீடுள்ள கட்டடம் ஒன்று அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வீட்டில் மாதிரி அலமாரி வைத்துக் காட்ட வேண்டும். பதினோரு மணிக்கு வரும் மேற்பார்வையாளருக்குப் பிடித்தால் முப்பதும் இவர்களுக்கு. அந்த வருடம் வேறு வேலையே வரவில்லை.

சித்தப்பா பலகைகளைத் தரையில் படுக்கவைத்து ஒன்றோடொன்று சேர்த்து அலமாரியாகப் பூட்டினார். பத்தரைக்கு மூவரும் நிமிர்த்தினோம். முக்கால்வாசி எழுந்ததும் மேல்மூலை கூரையில் இடித்து நின்றுவிட்டது. நேராக நிமிர்ந்துவிட்டால் கூரைக்கு அரை அங்குலம் கீழேதான் இருக்கும். நிமிரும்போது மூலைக்கு மூலை நீளம் கூடுதலாயிற்றே!

“அடிப்பீடத்தைத் தனியாத்தானே வரைஞ்சேன்? ஏன் சேத்துப் பூட்டினீங்க?” என்றார் சித்தி.

“ஒரே துண்டா இருந்தா கம்பீரமா இருக்கும்னு…”

“இப்ப கம்பீரமாப் படுத்திருக்கு.”

“கூரை தாழ்வுன்னு சொல்லிடலாமா?”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. ரம்பத்தை எடுங்க.”

 பீடத்தைத் தனியாகப் பிரிக்க அடியில் நாலு அங்குலத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வையாளர் வந்து நின்றார், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்.

“என்னங்க இது?”

சித்தப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். “என் தப்பு சார். இவ சரியாத்தான் வரைஞ்சு குடுத்தா. நான்தான் மேதாவித்தனம் பண்ணிட்டேன். அரை மணி நேரம் குடுங்க.”

அவர் கொடுத்தார். போதாததற்குச் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு மூலையையும் பிடித்தார். அலமாரி இடிக்காமல் எழுந்தது. நால்வரும் அலேக்காகத் தூக்கிப் பீடத்தின்மேல் வைத்தோம். ஒவ்வொரு கதவையும் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தவர், சித்தப்பாவை விட்டுவிட்டுச் சித்தியிடம் திரும்பினார்.

“முப்பது வீடு முடியிற வரைக்கும் இவரைப் பாத்துக்குவீங்களாம்மா?”

“இருபது வருஷமா வேற என்ன சார் பண்றேன்?”

சித்தப்பா காதில் விழாதவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பைத்தான் அவரால் அடக்க முடியவில்லை.